கடுகளவு கறுப்பு

பகலில் பல் செய்கிறேன்.
ஃப்ரேசர் டவுனில் ஒரு லேப், ஜன்னல் கிடையாது.
முகம் தெரியாத வாய்களுக்குக்
கடைவாய்ப்பல், முன்பல், நடுவில் ஒரு பாலம்.
இன்று மட்டும் பதினொன்று.

ராத்திரி ஒன்பதுக்கு மேல்
லிங்கராஜபுரம், மூன்றாம் மாடி.
சமையல் மேடையில் பேப்பர் விரித்து
லேபில் கழித்துப் போட்ட மைக்ரோமோட்டாரைச் சொருகுகிறேன்.
இதற்கும் வாய் உண்டு. இரண்டு.
ஒன்று இழுக்க, ஒன்று விட.

தொண்ணூற்றேழு சிசி.
ஜே.சி. ரோட்டுச் சந்தில் எழுநூறு ரூபாய்க்குப் பேரம் பேசி
பையில் போட்டுப் பஸ்ஸில் கொண்டுவந்த ஹெட்.
என் வண்டியின் சொந்த ஹெட்டைக்
கழற்றும் நாள் இன்னும் வரவில்லை.
கெட்டால் இது கெடட்டும் என்ற தைரியம்
அதனால்தான்.

மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கரி சுரண்டி
கார்புரேட்டர் பக்கத்து வாயில் விரலை விட்டேன்.
கீழ்ச்சுவர் பாகற்காய்த் தோல்,
வார்ப்பில் வந்தது வந்தபடி.
மேல்சுவர் வழுவழு.

எனக்கு முன்னால் யாரோ.

கோடுகள் சாயும் பக்கத்தைப் பார்த்தால் இடக்கை.
வால்வு கைடின் தோள் வரை இறங்கி
அங்கே நின்றுவிட்டது.
கரண்ட் போயிருக்கும்.
காசு போயிருக்கும், வண்டியே போயிருக்கும்.
பாதியில் விட்டுப்போன ஆள் என்று
ஒரு வாரம் மனசுக்குள் திட்டிக்கொண்டே
விட்ட வேலையைத் தொடர்ந்தேன்.

அலுமினியம் மெத்தென்ற சாதி.
பர்ரின் இடுக்கெல்லாம் அப்பிக்கொள்ளும்.
எரியாத மெழுகுவர்த்தியில் ஒரு தடவை உரசினால்
ஒட்டாமல் உதிரும்.
தரையெல்லாம் வெள்ளித்தூள், தயிர்க்கிண்ணத்திலும்.
"பல்லு கூசுதுடி, கதவைச் சாத்து" என்கிறாள் ஜெசிந்தா.
கீழ்வீட்டு முனிரத்னம் படியேறி வந்து
"ஏனம்மா, இந்நேரத்துல மிக்ஸியா?"
ஆமாம் என்றேன். தோசைக்கு.

வெளிவாயை எவ்வளவும் மினுக்கலாம்,
புகைக்கு உட்கார இடம் கொடுக்கக் கூடாது.
பல்லுக்குப் போடும் அதே பச்சை பாலிஷ்.
டார்ச் அடித்தால் என் மூக்கு தெரிந்தது.
உள்வாய் அப்படியில்லை,
கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம் வை,
இல்லையென்றால் பெட்ரோல் காற்றோடு கலக்காமல்
சுவரைப் பிடித்துக்கொண்டு வழியும்.

சுவருக்கு அந்தப் பக்கம் எங்கேயோ
ஆயில் போகும் துளை.
எவ்வளவு தூரம் என்று சொல்ல ஆளில்லை.
பல்லென்றால் நரம்பை நெருங்கும்போது
நாற்காலியில் இருப்பவர் துள்ளுவார்.
என்னிடம் வரும் பல்லுக்கும் ஆள் கிடையாது.

எட்டாம் நாள்
வால்வு கைடின் தோளுக்குக் கீழே
இன்னொரு கால் மில்லிமீட்டர் என்று வைத்தேன்.
சத்தம் மெலிந்தது.
எடுத்துத் துடைத்துப் பார்த்தால்
கடுகளவு கறுப்பு.
அந்த ஆளின் கடைசிக் கோட்டுக்கு
நேர் கீழே.

அவர் விட்டுப்போகவில்லை.
பார்த்திருக்கிறார்.

பர்ரைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.
பிறகு வால்வுக்குப் பேஸ்ட் தடவி அரைத்து உட்கார வைத்து
வாயில் மண்ணெண்ணெய் நிரப்பி
ராத்திரி முழுக்க விட்டேன்.
தூங்கவில்லை.
காலையில் அடியில் விரித்த டிஷ்யூ காய்ந்தே இருந்தது.
கறுப்பு வெறும் வார்ப்புக் குழியோ,
காகிதம் போல் ஒரு சுவரோ,
நகத்தால் குத்திப் பார்க்கத் துணிச்சலில்லை.

ஞாயிறு மாட்டினேன்.
முதல் இருபது உதை வீண்.
மெயின் ஜெட்டை ஒரு நம்பர் ஏற்றியதும் இருமிப் பிடித்தது.
ஹெப்பாள் பாலத்து ஏற்றத்தில் மூன்றாம் கியர்,
எப்போதும் திணறுகிற லைட் கம்பம் வந்தது, போனது.
அடுத்ததும் போனது.
அதற்கடுத்ததில் திணறியது.

இரண்டு கம்பம்.
பதினோரு ராத்திரி, எழுநூறு ரூபாய், ஒரு தயிர்க்கிண்ணம்,
இரண்டு கம்பம்.

பாலத்தில் கத்தினேன்,
ஹெல்மெட்டுக்குள்ளேயே.

கழற்றிய சொந்த ஹெட்
பழைய டி-ஷர்ட்டில் சுற்றிக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
அதில் இன்னும் யாருடைய கோடும் இல்லை.
ஜெசிந்தா தூங்கட்டும்.